டிசைனர் நாற்காலி, விளக்கு, சாமான்: நேரில் பட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

மாயவரத்துக்காரன்

பளபளப்பான தாளில் படமாகப் பார்க்கிற பெரிய பெயர் நாற்காலி, விளக்கு இப்படி எதையாவது நேரில் தொட்டிருக்கிறீர்களா? கடையில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததெல்லாம் வேண்டாம். உட்கார்ந்தது, உடைத்தது, ஏமாந்தது என்று ஏதாவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

தாத்தா வீட்டு ரேழியில் ஒரு வளைவு நாற்காலி கிடந்தது. பிரம்புப் பின்னல் அறுந்துபோய், அதன் மேல் யாரோ பலகை வைத்து ஆணி அடித்து, அதுவும் ஆடிப்போய், கடைசியில் நெல் அறையில் எலிகளோடு இருந்தது. வீட்டைப் பிரித்துக் கட்டியபோது விறகோடு போயிருக்க வேண்டியது. ஜன்னல் வேலைக்கு வந்த ஆசாரிதான் அதைத் தூக்கி முதுகுச் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அறுத்த மரம் இல்லை, வளைச்ச மரம். ரேகை எங்கேயும் வெட்டுப்படலை பாருங்க" என்றார். வண்டிச் சக்கரத்துக்கு வட்டையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் சேர்ப்பார்களாம், வளைவு இருக்கிற இடத்தில் ரேகை குறுக்கே போய்விட்டால் அங்கேதான் பிளக்குமாம். இதில் ஒரே கோல் பின்னங்காலாகக் கிளம்பி, முதுகாக வளைந்து, அந்தப் பக்கம் காலாக இறங்குகிறது.

அவரே திருகாணிகளைக் கழற்றித் தரையில் பரப்பினார். மொத்தமே ஆறு துண்டு. அதைப் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன். மிகைல் தோனெட் என்ற மரச்சாமான் செய்பவர் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியின் அமைப்பு இது. பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து இரும்பு அச்சில் வளைப்பது. ஆறு துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி, அப்படியே கப்பலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். என்னுடையதில் முத்திரை தேய்ந்துவிட்டது. 1869இல் காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்குச் செய்து விற்றார்கள், இது அந்த வகையாகவும் இருக்கலாம். எனக்கு அதில் வருத்தமில்லை, ஆசாரிக்குத்தான் வருத்தம்.

நாகைக் கடற்கரை

என்னுடையது ஏமாந்த கதை. சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி 1956இல் வெளியிட்ட சாய்வு நாற்காலி தெரியும்தானே, வளைத்த ஒட்டுப்பலகை ஓடுகளும் தோல் மெத்தையும், காலுக்குத் தனியாக ஒரு முக்காலியும். அசல் வாங்க நிலத்தை விற்க வேண்டும். அதனால் நகல் ஒன்றை இணையத்தில் வாங்கினேன், அதற்கே இரண்டு மாதச் சம்பளம். அப்பா ஒரு மதியம் சாய்ந்து பார்த்துவிட்டு, "படுக்கிறது சுகமாத்தான் இருக்கு, எழுந்திரிக்க ஆள் கூப்பிடணும் போல" என்று திண்ணைக்கே போய்விட்டார்.

இரண்டு ஐப்பசி தாங்கியது. மூன்றாவது அடைமழையில் 'தோல்' பாம்புச் சட்டை மாதிரி உரிந்து சட்டையில் ஒட்ட ஆரம்பித்தது, உப்புக்காற்றில் அடிக்கால் திருகாணிகள் துருப்பிடித்தன, ஒட்டுப்பலகை ஓரம் வாய் திறந்தது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், ஈரமான இடத்தில் வைக்காதீர்கள் என்று பதில் வந்தது. கார்த்திகையில் நாகப்பட்டினத்தில் ஈரமில்லாத இடம் எது சார்?

கும்பகோணம் பாத்திரக்கடை

நாகை அண்ணன் சொன்ன அதே ஈம்ஸ் தம்பதி எங்கள் கடைக்கும் வந்தார்கள், நேரில் இல்லை, பேச்சில். அகமதாபாத்தில் டிசைன் படிக்கிற ஒரு பெண் வந்து பித்தளைச் சொம்பு கேட்டது. பத்துப் பதினைந்து சொம்பை இறக்கச் சொல்லி, கையில் ஏந்தி, இடுப்பில் வைத்து, கழுத்தைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றது. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னது. 1958இல் அரசாங்கம் அழைத்து ஈம்ஸ் தம்பதி இந்தியா முழுக்கச் சுற்றி ஓர் அறிக்கை எழுதினார்களாம், அதைப் பின்பற்றித்தான் 1961இல் அந்தப் பெண் படிக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனமே வந்ததாம். அதில் அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியது சொம்பைத்தான். எவ்வளவு கொள்ளும், தூக்கினால் எடை எங்கே நிற்கும், எப்படி ஊற்றும், கீழே வைத்தால் என்ன சத்தம் வரும் என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்த வடிவம் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்தது என்பது அவர்கள் கட்சி.

சத்தம் என்றதும் அப்பா நிமிர்ந்தார். இரண்டு சொம்பை எடுத்து விரலால் சுண்டி, "இது ஒத்தத் தகடு, இது துண்டுகளைப் பத்து வெச்சது, கேளு" என்றார். அரை மணி நேரம் போனது. கடைசியில் பாதி விலைக்குக் கொடுத்தார், அம்மாவிடம் சொல்லவில்லை.

திருவாரூர் மாமி

மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் பிழிகிற சாமான் வாங்கி வந்தார். அலெசி கம்பெனியாம், பிலிப் ஸ்டார்க் வடிவமைத்ததாம், 1990இலிருந்து விற்கிறார்களாம். மூன்று நீளக் கால் சிலந்தி, மேலே வரி வரியாக ஒரு மண்டை. வடிகட்டி கிடையாது, கொட்டையும் சாறோடு டம்ளரில் விழுகிறது. ஒரே ஒரு நாள் பானகத்துக்குப் பிழிந்தேன். நவராத்திரிக்குக் கொலுப் பார்க்கில் ராக்கெட் இல்லையே என்று பேத்தி அழுதாள், எடுத்து வைத்துவிட்டேன். சுண்டல் வாங்க வந்தவர்களெல்லாம் சந்திரயானா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

தஞ்சை மேலவீதி

நான் சண்டிகரில் படித்தவன். அந்த நகரை உருவாக்கிய கட்டடக் கலைஞர்களில் ஒருவரான பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலி, கால்கள் கவிழ்த்துப் போட்ட ஆங்கில 'வி' மாதிரி இருக்குமே, அதில் உட்கார்ந்துதான் பரீட்சை எழுதினேன். அறுந்த பிரம்பு குத்தி இரண்டு பேண்ட் கிழிந்தது. உடைந்தவை மொட்டைமாடியில் மழையில் குவிந்து கிடக்கும், குளிருக்கு அதில் ஒன்றை எரித்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அந்த ஊர் அலுவலகங்கள் இவற்றைப் பழைய சாமானாக ஏலம் விட, வாங்கிப் போனவர்கள் பழுது பார்த்து வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நாங்கள் எரித்தது அதற்கு வெகு முன்னால்.

மாயவரத்தார் சார், உங்கள் நாற்காலிக்குப் பின்னல் எங்கே போட்டீர்கள்?

மாயவரத்துக்காரன்

தைக்காலில்தான். கொள்ளிடம் பக்கம் சாலையோரமாகப் பிரம்புக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே. முன்பக்கம் சோபா, ஊஞ்சல் விற்கிறவர்களைக் கேட்டால் ரெடிமேட் பின்னலை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் உட்கார்ந்து பின்னுகிற பெரியவர்களைக் கேளுங்கள். போட்டோ காட்டினால் விலை சொல்ல மாட்டார்கள், நாற்காலியையே தூக்கிக்கொண்டு போகணும். சட்டத்து ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் கோத்து, நனைத்த பிரம்பில் போடுகிறார்கள், காய்ந்ததும் மத்தளம் மாதிரி இறுகிவிடுகிறது. அதுவரை இரண்டு நாள் யாரும் உட்காரக் கூடாது என்றார் பெரியவர். என் சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். திரும்பப் போய் இன்னொரு முறை போட வேண்டியதாயிற்று.