குளுக்கோஸ் சென்சார் மூன்றே நாளில் தளர்கிறது: கோளாறு நொதியிலா, படலத்திலா?

மின்முனை_மாணவி:
வணக்கம். ஆய்வுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கண்ணாடிக் கார்பன் மின்முனையில் மின்கடத்தும் பாலிமரான பாலிஅனிலினும் கார்பன் நானோகுழாயும் கலந்து பூசி, பிளாட்டினம் நானோதுகள் படியவைத்து, அதன்மேல் கைட்டோசானோடு குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைக் குளுட்டரால்டிஹைடால் பிணைத்திருக்கிறேன். பாஸ்பேட் பஃபர், பி.எச். 7.4, +0.6 வோல்ட். முதல் நாள் 5 மில்லிமோலார் குளுக்கோஸுக்கு 4 மைக்ரோஆம்பியர் வந்தது. மூன்றாம் நாள் 1.5கூட வரவில்லை. இரவில் 4 டிகிரியில்தான் வைக்கிறேன். நொதி கழுவிப்போகிறதோ என்று குளுட்டரால்டிஹைடைக் கூட்டினேன், முதல் நாள் மின்னோட்டமே குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பழைய_ஆய்வகம்:
குளுட்டரால்டிஹைடை இனி கூட்டாதீர்கள். அளவு மிஞ்சினால் அதுவே நொதியை முடக்கிவிடும். நானும் இப்படித்தான் நான்கு மாதம் நொதியையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கோளாறு நொதிக்கு அடியிலுள்ள படலத்தில் இருந்தது.

முதலில் ஒரு சோதனை. நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. நீங்கள் அளப்பது அதைத்தான். அதனால் அதே மின்முனையில் குளுக்கோஸ் இல்லாமல், நேராகப் பெராக்சைடை 0.1 மில்லிமோலார் விட்டுப் பாருங்கள். முதல் நாளும் மூன்றாம் நாளும் அதற்கு ஒரே மின்னோட்டம் வந்தால் படலம் நலம், நொதிதான் போயிருக்கிறது. பெராக்சைடுக்கும் சரிந்தால் நொதியைத் தேடிப் பயனில்லை.

என் சந்தேகம் பாலிஅனிலின் மேல். அது அமிலத்தில்தான் நன்றாகக் கடத்தும். பி.எச். 4-ஐத் தாண்டினாலே புரோட்டானை இழந்து கடத்தாத வடிவத்துக்குப் போகத் தொடங்கும். அதோடு +0.6 வோல்ட்டில் மணிக்கணக்கில் வைத்தால் மிகையாக ஆக்சிஜனேறிச் சிதையவும் செய்யும். நானோகுழாய் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும், அவ்வளவுதான்.

பஃபர்_பாட்டில்:
இன்னொன்று. குளுக்கோஸ் கரைசலை எப்போது தயாரிக்கிறீர்கள்? குளுக்கோஸுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவம். இந்த நொதி பீட்டா வடிவத்தைத்தான் பிடிக்கும். பொடியில் பெரும்பாலும் ஆல்ஃபா. கரைத்து ஓர் இரவு விட்டால்தான் ஆல்ஃபா 36-க்கு பீட்டா 64 என்ற சமநிலை வரும். அன்றன்று கரைத்து உடனே அளந்தால் எண்கள் ஆடும்.

மின்முனை_மாணவி:
சார், பார்த்துவிட்டேன். பெராக்சைடுக்கு முதல் நாள் 2.1 மைக்ரோஆம்பியர், நேற்று 0.8. குளுக்கோஸும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் சரிந்திருக்கிறது. அப்படியானால் நொதி உயிரோடுதான் இருக்கிறதா? கரைசலையும் இனி முந்தின இரவே கரைத்து வைக்கிறேன், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பழைய_ஆய்வகம்:
பெரும்பகுதி உயிரோடுதான் இருக்கிறது. பாலிஅனிலினை விடமுடியாது என்றால், பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் சேர்த்து வளர்த்துப் பாருங்கள். அதன் நீண்ட சங்கிலி படலத்தை விட்டு எளிதில் கழன்று போகாது, நடுநிலை பி.எச்.-இலும் கொஞ்சம் மின்வினை மிஞ்சும். நானாக இருந்தால் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற இன்னொரு மின்கடத்தும் பாலிமருக்கு மாறிவிடுவேன், பி.எச். 7.4-இல் அது நன்றாகவே கடத்தும். ஒரு எச்சரிக்கை: தனியாகப் பூசினால் தண்ணீரில் உப்பி உரிந்து வரும். படலத்தைப் பிணைத்து நிறுத்தும் எபாக்சி சிலேன் துளி சேர்த்துச் சூட்டில் பதப்படுத்திய பிறகே நொதியை வையுங்கள். அளவு கூடினால் கடத்துதிறன் குறையும், 1 விழுக்காட்டிலிருந்து தொடங்குங்கள்.

மின்முனை_மாணவி:
சரி சார். நாளைக்கே மூன்று மின்முனை பூசுகிறேன். இந்த முறை ஒவ்வொரு நாளும் குளுக்கோஸுக்கு முன்னால் பெராக்சைடு.