கிராமரிலிருந்தா கிளாமர் வந்தது?

கேள்வி (சுங்கை சிப்புட்)
வணக்கம். இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். 'கிளாமர்' என்ற சொல் 'கிராமர்' என்பதிலிருந்து பிறந்தது என்கிறார்களே, கவர்ச்சிக்கும் இலக்கணத்துக்கும் என்ன உறவு? வகுப்பில் எப்படி விளக்குவது?

பதில் 1
உண்மைதான் டீச்சர். கிரேக்கத்தில் 'கிரம்மா' என்றால் எழுத்து. அது இலத்தீனில் 'கிரம்மாட்டிக்கா' ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பே ஆங்கிலத்துக்குச் சொந்தச் சொல் ஒன்று இருந்தது: 'ஸ்டாஃப்கிராஃப்ட்', அதாவது எழுத்துக்கலை. ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில், ஆல்ஃப்ரிக் என்ற துறவி இலத்தீன் இலக்கணத்தைப் பழைய ஆங்கிலத்தில் எழுதியபோது, நூல்களின் பொருளைத் திறக்கும் சாவி இலக்கணம்தான் என்றார். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தொடங்குவதை நினைவூட்டுங்கள். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இடைக்காலத்தில் 'கிராமர்' என்றால் இலத்தீன். ஆங்கில இலக்கணம் அன்று. கிராமர் பள்ளியும் இலத்தீன் பள்ளியே. இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் ஒட்டாது. சோதிடம், மருத்துவம் எல்லாம் இலத்தீன் ஏடுகளில் இருந்தன. எழுத்தறியாதவர்களுக்கு அந்த ஏட்டைப் படிப்பவன் மந்திரவாதியாகத் தெரிந்தான். அப்படித்தான் ஆங்கிலத்தில் அதே சொல்லின் இன்னொரு வடிவமான 'கிராமெரி' மந்திர வித்தையையும், பிரெஞ்சில் 'கிரிமுவார்' மந்திரச் சுவடியையும் குறித்தன.

பதில் 2
மீதிக் கதை ஸ்காட்லாந்தில். அங்கே முதல் ரகரம் லகரமாகி, 18ஆம் நூற்றாண்டில் 'கிளாமர்' கண்கட்டு வித்தைக்குப் பெயரானது. வால்டர் ஸ்காட்டின் எழுத்து அதைப் பரப்பியது. அழகு, கவர்ச்சி என்ற பொருள் அதற்கும் பின்னால்தான்.

நம்மிடம் பந்தல் பந்தராகும், சாம்பல் சாம்பராகும். ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாத இதை, இலக்கணத்தில் போலி என்று படித்திருப்பார்கள். அதையே காட்டுங்கள். ஆனால் நம்முடையது சொல்லின் கடைசியில் லகரம் ரகரமாவது. இங்கே முன்னால், திசை தலைகீழ். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் குழப்பிக்கொள்வார்கள்.

பதில் 3
மூன்று மொழிகளுக்கு நடுவே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருக்கம்: இங்கிலாந்தில் அந்த இலத்தீனைப் பிரெஞ்சு மொழி வழியாகத்தான் கற்பித்தார்கள். 1348-49 பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு ஜான் கார்ன்வால் என்ற ஆசிரியர் கற்பிக்கும் மொழியை ஆங்கிலமாக மாற்றினார். 1385இல் எல்லாக் கிராமர் பள்ளிகளும் அப்படியே மாறிவிட்டன என்று அக்கால மொழிபெயர்ப்பாளர் ஜான் டிரெவிசா எழுதுகிறார். பிள்ளைகள் இலக்கணத்தை விரைவாகக் கற்கிறார்கள் என்று மெச்சிவிட்டு, பிரெஞ்சு மட்டும் அவர்களுடைய இடது குதிகாலுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும் என்கிறார்.