கேட்டை மூடினார்களா? கம்யூனிட்டி காலேஜும் அந்தக் கையெழுத்தும்

நெல்லைக்காரன்: வெள்ளிக்கிழமை இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "டிரம்ப் ஜெயித்ததும் கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள் மத்திய அரசு ஆட்களை உள்ளே விடமாட்டோம் என்று கேட்டை மூடிவிட்டன" என்கிறார். குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு தரும் அரசு காலேஜ்களைத்தான் சொல்கிறார். எந்தக் கேட்? நான் ஒரு காலேஜில் பத்து வருடத்துக்கு மேலாக சேர்க்கை கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குக் கேட்டே கிடையாது. பார்க்கிங், புல்வெளி, நூலகம், எங்கும் யாரும் வரலாம். 2016 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு காலேஜ்களை நிர்வகிக்கும் பல மாவட்ட அறங்காவலர் குழுக்கள் தீர்மானம் போட்டது உண்மை. குடிவரவுத் துறையினர் மாணவரைத் தேடி வகுப்பறைக்குள் வர வேண்டுமென்றால் நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் வேண்டும். எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

ஃப்ரீமான்ட் அப்பா: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். வாரன்ட்டோடு வந்தாலும் விடமாட்டீர்கள், அதற்குப் பெயர் கேட்டை மூடுவதுதான்.

நெல்லைக்காரன்: எந்த வாரன்ட், சார்? குடிவரவுத் துறை அதிகாரியே கையெழுத்துப் போட்டு எடுத்து வருவது ஒன்று. நீதிபதி போட்டது இன்னொன்று. எங்கள் இழுப்பறையில் லேமினேட் செய்த தாள் ஒன்று இருக்கிறது. முதல் வரி, அடியில் யார் கையெழுத்து என்று பார். இரண்டாம் வரி, டீனின் எக்ஸ்டென்ஷன் நம்பர். கேட்டை மூடு என்று அதில் எங்கும் இல்லை.

ஃப்ரீமான்ட் அப்பா: அரசு அதிகாரியின் கையெழுத்து செல்லாது, உங்கள் டீனுடைய எக்ஸ்டென்ஷன் செல்லும்! நல்ல நியாயம். பள்ளி, கோவில், ஆஸ்பத்திரிக்குள் போகக்கூடாது என்றிருந்த வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள். செய்தி வந்து சேரவில்லையோ?

நெல்லைக்காரன்: வந்தது. அது அவர்கள் துறைக்குள் வைத்திருந்த வழிகாட்டுதல். நீதிபதி கையெழுத்து வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்திலிருந்து வருவது. அதை எந்தத் துறையும் ரத்து செய்ய முடியாது. யார் கையெழுத்து என்பதுதான் கேள்வி.

மதுரைப்பொண்ணு: ஒரு சின்னத் திருத்தம். இப்படித் தீர்மானம் போட்ட காலேஜ்களைப் போன வாரம் இரண்டு பேருமே "சரணாலயக் கல்லூரி" என்று எழுதினீர்கள். சரணாலயம் என்றால் எனக்கு வேடந்தாங்கல்தான் ஞாபகம் வருகிறது. அடைக்கலம் என்று எழுதினால் என்ன?

ஃப்ரீமான்ட் அப்பா: தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவிலும் இப்படித்தான், அழைப்பிதழில் ஒற்று மிகவில்லை என்று அரை மணி நேரம் பேசினீர்கள். சாப்பாடு ஆறிப்போனது.

மதுரைப்பொண்ணு: ஒற்று மிக வேண்டிய இடம் அது. இன்றைக்கும் சொல்வேன்.

நெல்லைக்காரன்: ஒற்றை விடுங்கள். 2017 ஜனவரியில் ஒரு பெண் கவுன்ட்டருக்கு வந்தாள். விண்ணப்பத்தில் இருக்கும் வீட்டு முகவரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறாராம். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். மாணவர் சம்மதமோ சட்டப்படியான உத்தரவோ இல்லாமல் மாணவர் பதிவுகளைப் பொதுவாக வெளியாருக்குத் தரக்கூடாது என்று 1974லிருந்தே மத்திய சட்டம் இருக்கிறது. இதை அவளிடம் மூன்று முறை சொன்னேன். அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் தேதி டாகாவை, அதாவது சிறு வயதில் வந்து முறையான ஆவணம் இல்லாமல் இருப்பவர்களை நாடு கடத்தாமல் விடும் திட்டத்தை, நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

ஃப்ரீமான்ட் அப்பா: என் மகனையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறு வயதில் எச்-4இல், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், வந்தவன். முறைப்படி விசாவில் இருந்ததாலேயே டாகாவில் இடமில்லை. 21 வயதானதும் அது செல்லாது என்பதால் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினான். உள்ளூர் மாணவனாகப் பாட யூனிட்டுக்கு 46 டாலர் கட்டியவனுக்கு, வெளிநாட்டு மாணவன் என்று அதைப் போலப் பல மடங்கு பில் வந்தது. அவன் முகவரி மாறினால்கூட காலேஜே அரசுக்குத் தெரிவிக்கிறது. அதற்கு எந்த நீதிபதி கையெழுத்துப் போட்டார்? சொல்லுங்கள்.

மதுரைப்பொண்ணு: இது நியாயமான கேள்வி.

நெல்லைக்காரன்: அது விசா விதி. காலேஜ் போட்டதில்லை. நான் பேசுவது தீர்மானத்தைப் பற்றி.

ஃப்ரீமான்ட் அப்பா: உங்களுக்கு வேண்டாதது என்றால் விசா விதி. வேண்டியது என்றால் அரசியல் சாசனம். மனைக்கு இவ்வளவு என்று போடும் பார்சல் டாக்ஸ் பற்றிய விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

நெல்லைக்காரன்: பார்சல் டாக்ஸில் நான் சொன்னதுதான் சரி. கணக்கை இப்போதும் போட்டுக் காட்டுகிறேன். மகன் விஷயத்தில் உங்கள் வலி நிஜம், நான் மறுக்கவில்லை. ஆனால் "கேட்டை மூடிவிட்டன" என்பது நிஜமில்லை. அதை நீங்கள் இன்னும் திரும்பப் பெறவில்லை.

ஃப்ரீமான்ட் அப்பா: பெறமாட்டேன். என் பையனுக்கு மூடியது மூடியதுதான்.

நெல்லைக்காரன்: சரி, அந்தத் தாளை நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன். முதல் வரியை மட்டும் படியுங்கள்.