மொரப்பூரில் 1906இல் நடந்தது பொம்மசந்திராவிலும் நடக்கணுமா?

மொரப்பூர்க்காரன்:
பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் முடியும் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோ வேண்டும் என்ற பேச்சு வந்தாலே "எந்த மெட்ரோவாக இருந்தால் என்ன, வந்தால் போதும்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் போடும் மனுவில், மாறாமல் போகும் நேரடி ரயிலைத்தான் கேட்க வேண்டும். காரணத்தைத் தேடி வெளியூர் போக வேண்டாம், நம் பக்கத்திலேயே இருக்கிறது.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய மெட்ராஸ் ரயில்வே, 1861இல் திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகச் சேலத்தைத் தொட்டது. தண்டவாள அகலம் 1676 மி.மீ. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓரமாக நின்றுவிட்டன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, வறண்ட தாலுகாக்களுக்குத் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்ற யோசனை வந்தது. அப்படித்தான் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதை 1905இலும், மொரப்பூர் - தருமபுரி பாதை 1906இலும் திறந்தார்கள். 1913இல் தருமபுரியிலிருந்து ஓசூருக்கு நீட்டினார்கள். ஆனால் செலவைக் குறைக்க இவற்றை 762 மி.மீ. அகலத்தில், குட்டி ரயிலாகப் போட்டார்கள்.

விளைவு என்ன? தருமபுரியில் ஏற்றிய புளி மூட்டையை மொரப்பூரில் இறக்கி, பெரிய வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு கூலி, அதற்கு மேல் பெட்டி காலியாகும் வரை காத்திருப்பு. முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இது கட்டுமா? மாட்டுவண்டியோ லாரியோ மண்டி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகும். 1941இல் மொரப்பூர் பாதையை மூடிவிட்டார்கள்.

இப்போது பொம்மசந்திராவைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த பெங்களூரு மஞ்சள் தடம், தண்டவாளம் பக்கத்தில் ஓடும் மூன்றாவது கம்பியில் 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. ஓசூர் தடத்துக்குத் தமிழ்நாடு தரப்பில் பேசுவது சென்னை மெட்ரோ மாதிரி மேல்கம்பியில் 25,000 வோல்ட். இரண்டும் ஒத்துவராது என்று பெங்களூரு தரப்பு சொன்னதாகச் செய்தியும் வந்தது. அகலம் ஒன்றாக இருந்தும் ரயில் தாண்டிப் போக முடியாது. அதே மொரப்பூர்தான்.

ஓசூர் ஷிப்ட்:
அண்ணா, வரலாறு எல்லாம் சரி, ஆனால் புளி மூட்டைக்குக் கால் கிடையாது, எனக்கு இருக்கிறது. ஒரு ரயிலில் இறங்கி இன்னொன்றில் ஏற எனக்கு யாரும் கூலி கேட்கப் போவதில்லை.

டெல்லியில் 2002இல் திறந்த முதல் தடம் 1676 மி.மீ. 2010இல் வந்த பச்சைத் தடம் 1435 மி.மீ. இரண்டும் இந்தர்லோக்கில் சந்திக்கின்றன. ஒரு தடத்து ரயில் இன்னொன்றில் ஓடவே ஓடாது. அதனால் டெல்லி மெட்ரோ மூடிக்கொண்டதா? ஜனங்கள் மாறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் பாட்டைக் கேளுங்கள். காலை ஷிப்டுக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பஸ் அத்திப்பள்ளியில் மாட்டினால் அவ்வளவுதான், கண்ணாடி வழியாக முன்னால் நிற்கும் லாரியின் தார்ப்பாய் முடிச்சுகளைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சந்தாபுரா தாண்டினால்தான் மூச்சு வரும். பொம்மசந்திராவில் இறங்கி, படியேறி, மெட்ரோ பிடித்து எலக்ட்ரானிக் சிட்டி. இப்போதும் மாறித்தானே போகிறேன்? பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கு மாறுவதற்குப் பதில் மெட்ரோவிலிருந்து மெட்ரோவுக்கு மாறினால் எனக்கு என்ன நஷ்டம்? 'ஒரே மின்சாரம் வேண்டும்' என்று மனு போட்டால் இரண்டு மாநிலமும் பத்து வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்.

பாலக்கோடு வாத்தியார்:
இருவருக்கும் வணக்கம். மொரப்பூர் தம்பி சொன்ன ஆண்டுகள் சரி, காரணத்தை மட்டும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். அந்தப் பாதைகள் லாபத்துக்காகப் போட்டவையே அல்ல, பஞ்சக் காப்புப் பாதைகள். மழை பெய்த வருஷத்தில் அவற்றுக்குச் சரக்கு குறைவு, வேகமும் குறைவு. பிறகு பஸ்ஸும் லாரியும் வந்தன, கடைசியில் இரண்டாம் உலகப் போர். மொரப்பூரில் மூட்டை மாற்றியது ஒரு காரணம், அது மட்டுமே காரணமில்லை. ஒரே அகலத்தில் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்றால், பிழைத்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். 1676 மி.மீ. அகலப்பாதையை அவ்வளவு சுலபமாகப் பெயர்த்திருக்க மாட்டார்கள்.

தருமபுரி மாதிரி மூன்று அகலத்தையும் பார்த்த ஊர் அதிகம் இருக்காது. 1906இல் குட்டி ரயில். 1960களில் சேலம் - பெங்களூரு மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, எங்கள் பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூருக்கு. 1990களில் அதையே அகலப்பாதையாக மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பழையதை விட்டுப் புதிதாகச் செலவு. முதலிலேயே யோசிக்காததற்கு நம் ஜனங்கள் கொடுத்த விலை அது.

மெட்ரோவுக்கும் ஒரு பழைய உதாரணம் உண்டு. உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரியில் லண்டனில் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஓடியது, நீராவி எஞ்சினோடு. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ஏழடி அகல வண்டிக்கும் மற்றவர்களின் சாதாரண அகல வண்டிக்கும் சேர்த்து மூன்று தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதே ஆகஸ்டில் கிரேட் வெஸ்டர்ன் சண்டை போட்டுத் தன் வண்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது தண்டவாளம் இருந்ததால் வேறு கம்பெனியிடம் பெட்டி கடன் வாங்கி ஓட்டினார்கள். இரண்டு நிர்வாகம் சேரும் இடத்தில் இரண்டுக்கும் வழி வைத்துக் கட்டினால், ஒருவர் முறைத்துக்கொண்டாலும் ரயில் நிற்காது.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு:
ஓசூரில் ரயில் நிற்கிறது, தருமபுரியில் நிற்கிறது. 2004இல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரியின் தலைநகரத்தில் இன்றைக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. 1905இல் இருந்தது! இருந்ததைப் பிடுங்கிவிட்டு, இல்லாத மெட்ரோவுக்கு வோல்ட் கணக்குப் போடுகிறீர்கள். மாம்பழ சீசனில் எங்கள் லோடு முழுக்க லாரிதான். முதலில் ஜோலார்பேட்டை - கிருஷ்ணகிரி - ஓசூர் அகலப்பாதை. அப்புறம் மெட்ரோ.

ஓசூர் ஷிப்ட்:
மாந்தோப்பு அண்ணா, உங்கள் கோரிக்கை நியாயம். ஆனால் அது இந்திய ரயில்வே பணம், இது வேறு பணம். ஒன்றை நிறுத்தினால் மற்றது வந்துவிடாது. மொரப்பூர் - தருமபுரி 36 கி.மீ. புதுப்பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், நிலம் எடுப்பதிலேயே வருஷங்கள் ஓடின. மெட்ரோ கேட்டதாலா அது தாமதமானது?

மொரப்பூர்க்காரன்:
தம்பி, மாறுவதில் நஷ்டமில்லை என்கிறீர்கள். எங்கள் ஸ்டேஷனுக்கு ஒருநாள் வந்து பாருங்கள். தருமபுரியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பஸ் பிடித்து இங்கே வருகிறார்கள். கையில் குழந்தை, தோளில் பை, அம்மாவுக்கு முட்டிவலி. பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் ரயில் போய்விடும், அடுத்தது எப்போதென்று போர்டைப் பார்த்து நிற்பார்கள். இளைஞருக்குப் படிக்கட்டு ஒன்றுமில்லை. மெட்ரோ என்ன ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமா? பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் போகிறார்கள்!

சென்னையிலும் இதைப் பார்த்தோம். 1908இல் எழும்பூர் ஸ்டேஷன் திறந்தது. தெற்கிலிருந்து மீட்டர்கேஜில் அங்கே வந்து இறங்கியவர், வடக்கே போக மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்கு ஓட வேண்டும். கூப்பிடு தூரம்தான், அதற்கே எத்தனை தலைமுறை அலைந்தது.

இரண்டு மின்சாரத்திலும் ஓடும் ரயில் உலகத்தில் இல்லாததும் இல்லை. லண்டன் தேம்ஸ்லிங்க் ரயில்கள் தெற்கே 750 வோல்ட் மூன்றாவது கம்பி, வடக்கே 25,000 வோல்ட் மேல்கம்பி. நகரத்தின் நடுவில், வாத்தியார் சொன்ன அதே ஃபாரிங்டன் பக்கம், மாற்றிக்கொள்கின்றன.

பாலக்கோடு வாத்தியார்:
அது முழு ரயில்வே, மெட்ரோ அல்ல. மஞ்சள் தடத்தில் ஓட வேண்டுமானால் மின்சாரம் மட்டும் போதாது. சிக்னல் முறையும் பெட்டியின் அளவும் பெங்களூருவோடு பொருந்த வேண்டும். அதைவிட, ஓசூர் வரை பெங்களூரு முறையிலேயே 750 வோல்ட் மூன்றாவது கம்பி போடச் சொல்வது சுலபம். நம் பக்கத்துப் பகுதிக்கு நம் அரசு செலவு செய்யட்டும், முறை மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும். இதில் கௌரவப் பிரச்சினை பார்த்தால் நஷ்டம் பயணிக்குத்தான்.

ஓசூர் ஷிப்ட்:
வாத்தியார் சொல்வது நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான் ஐயா. ஆனால் "அப்படி இல்லையென்றால் வேண்டாம்" என்று மனுவில் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். முறை வேறானால், பொம்மசந்திராவில் ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு ரயிலும் நிற்க வேண்டும், படியேறி இறங்கவே கூடாது, ஒரே டிக்கெட். இந்த வரியைச் சேருங்கள், போடுகிறேன்.

மொரப்பூர்க்காரன்:
சேர்க்கிறேன், ஆனால் இரண்டாவது கோரிக்கையாக. முதல் வரி நேரடி ரயில்தான். குறைந்ததையே முதலில் கேட்டால் அதைத்தான் கொடுப்பார்கள்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு:
மூன்றாவது வரியாகவாவது கிருஷ்ணகிரி ஸ்டேஷனை எழுதுங்கள். இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் விழாது.