சீட்டு உதிர்ந்த பெட்டி: தொகுப்புகளைப் பேணுவோரின் அனுபவங்கள்

ஆவணக் காப்பாளர்

பல்கலைக்கழகக் காப்பகம் ஒன்றில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அண்மையில் இருப்புச் சரிபார்ப்பு நடந்தபோது, கடைசி அடுக்கின் மேல்தட்டில் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. எந்தப் பதிவேட்டிலும் அதற்கு எண் இல்லை. உள்ளே, மஞ்சளேறிய காகித உறைகளில் 43 கண்ணாடி நெகட்டிவ்கள். ஒன்றை எடுத்து ஒளிப்பெட்டியின் மேல் வைத்தேன். நீண்ட ஆய்வக மேசை, அதன் ஓரத்தில் ஒரு பெண் நுண்ணோக்கியில் கண் பதித்து நிற்கிறார். சுற்றியிருக்கும் ஆண்கள் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் தன் வேலையிலேயே இருக்கிறார்.

தகடுகளில் ஒரு விரிசல்கூட இல்லை. ஆனால் யார் எடுத்த படம், எந்த ஆண்டு, காப்பகத்துக்கு எப்படி வந்தது, எதுவும் தெரியவில்லை. பெட்டியின் மூடியில் பசை காய்ந்த செவ்வகத் தடம் ஒன்று இருந்தது. அங்கே ஒட்டியிருந்த சீட்டு எப்போதோ உதிர்ந்திருக்கிறது. யாரோ பெருக்கி அள்ளியிருக்கிறார்கள். கிழிந்த தாளையும் பூச்சி அரித்த அட்டையையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தத் தடம் தந்த வேதனையை அவை தந்ததில்லை.

நூலகம், அருங்காட்சியகம், காப்பகம் மூன்றிலும் வேலை செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பொருள் இருந்தும் குறிப்பு போய்விட்ட அனுபவமோ, குறிப்பு இருந்ததால் பொருள் பிழைத்த அனுபவமோ உங்களுக்கு உண்டா? எழுதுங்கள்.

நூலகர், அரிய நூல் பிரிவு

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். குறிப்பு பத்திரமாக இருந்தது, புத்தகத்தைக் காணவில்லை. பெரிய அளவுத் தாவரவியல் படத்தொகுதி அது. படம் பிடிப்பதற்காக எடுத்துச் சென்றார்கள். திருப்பிக் கொடுத்ததற்குக் கையொப்பமும் இருந்தது. அலமாரியில் மட்டும் இடம் காலி. நான்கு ஆண்டுகள் தேடினோம். தலைமை நூலகர் ஓய்வு பெற்றுப் போகும் நாளில், "அது கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் கிடைத்த இடம், இரண்டு வரிசை தள்ளி, நிலப்படங்களுக்குப் பின்னால். நிமிர்த்தி வைக்க முடியாத அளவு என்பதால் யாரோ நல்லெண்ணத்தில் அங்கே படுக்க வைத்திருக்கிறார். இடம் மாற்றியதை எழுதி வைக்கவில்லை. நான் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை, நான்கு பக்கம் எழுதினேன்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்ததை நம்மில் பலர் அறிவோம். டார்வினின் இரண்டு குறிப்பேடுகள் 2000-ஆம் ஆண்டில் படம் பிடிப்பதற்காகக் காப்பறையிலிருந்து எடுக்கப்பட்டன. 2001 ஜனவரியில் வழக்கமான சரிபார்ப்பின்போது அவற்றின் பெட்டி இடத்தில் இல்லை. அவற்றுள் ஒன்றில்தான் உயிரினங்களின் உறவைக் கிளைகளாகக் காட்டி 1837-இல் அவர் வரைந்த உயிர் மரத்தின் கோட்டோவியம் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அடுக்குகள் உள்ள நூலகத்தில், எங்கோ தவறி வைக்கப்பட்டிருக்கும் என்றே நீண்ட காலம் நம்பினார்கள். களவு போயிருக்கலாம் என்று 2020 நவம்பரில்தான் வெளிப்படையாக அறிவித்து, உதவி கேட்டார்கள். 2022 மார்ச்சில் இளஞ்சிவப்புப் பரிசுப் பை ஒன்றில் இரண்டும் திரும்பி வந்தன. நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லும் சிறு குறிப்பு ஒன்றும் கூடவே இருந்தது.

வெளிப்படையாக அறிவித்த அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். தொலைந்ததைச் சொல்வது எந்த நூலகத்துக்கும் எளிதன்று. எங்கள் பிரிவில் இப்போது ஒரு புத்தகம் பத்து நிமிடத்துக்கு வெளியே போனாலும் அதன் இடத்தில் அதே உயரத்துக்கு ஓர் அட்டை நிற்க வேண்டும். யார் எடுத்தார், எதற்கு, எந்த நாள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கணினியிலும் பதிகிறோம். ஆனாலும் அலமாரி முன் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த அட்டைதான்.

நூல் பேணுநர்

நான் நீரைப் பற்றி எழுதுகிறேன். விடுமுறை நாள் இரவில் எங்கள் கீழ்த்தளத்தில் குழாய் வெடித்தது. காலையில் கதவைத் திறந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். அடித்தட்டிலிருந்த அறுநூறு தொகுதிகளும் ஊறிப் பெருத்து, தட்டுகளைவிட்டு உருவ முடியாதபடி இறுகியிருந்தன.

ஈரமான தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தலைகாட்டத் தொடங்கிவிடும். அறுநூறையும் அதற்குள் உலர்த்த யாராலும் முடியாது. எனவே உறைய வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். பிறகு வெற்றிடக் கலத்தில் வைத்து, பனிக்கட்டி நீராக உருகாமல் நேரே ஆவியாகும்படி செய்யலாம். பளபளப்பான பூச்சுத் தாளில் அச்சான புத்தகங்களைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். அவை ஈரத்தோடு காயத் தொடங்கினால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும்; அதன்பின் எவராலும் பிரிக்க முடியாது.

இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். பயிற்சி இருந்தது, பெட்டிகள் இருந்தன, உதவிக்கு மாணவர்கள் ஓடி வந்தார்கள். தவறு நேர்ந்தது வேறிடத்தில். எந்தப் பெட்டியில் எந்த அடுக்கின் புத்தகங்கள் என்பதைச் சீட்டில் மைப் பேனாவால் எழுதினோம். ஈரத்தில் மை கரைந்தது. நூல்கள் உலர்ந்து திரும்பி வந்தபோது 80 பெட்டிகளில் 31-இன் மேல் நீலக்கறைதான் இருந்தது. முதுகெழுத்து உதிர்ந்த தொகுதிகளுக்கு உரிய இடம் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று. பென்சிலால் எழுதியிருந்தால் அந்த ஏழு மாதம் மிஞ்சியிருக்கும்.

2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவில் பரவிய தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசிப்பறையை எரித்தது. தானாக இறங்கிய தீத்தடுப்புக் கதவுகள் அடித்தள வைப்பறைகளுக்குள் நெருப்பு நுழையாமல் காத்தன. ஆனால் தீயணைக்கப் பாய்ச்சிய நீர் அங்கே இறங்கிவிட்டது. ஊழியர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகளை மேலே கொண்டுவந்த படங்களைப் பார்த்தேன். என் கண் தேடியது அந்தப் பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைத்தான். எழுதிய கைகளுக்கு என் மனமார்ந்த வணக்கம்.

திரைப்படச் சுருள்களைக் கவனிப்பவர்

சிறிய குறிப்பு. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சுருள் வைத்திருக்கும் அறையில் காடி வாடை அடித்தால் சுருள் சிதைகிறது என்று பொருள்; நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த அமில ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் தாளை ஒவ்வொரு டப்பாவிலும் ஒருநாள் வைத்துப் பாருங்கள். மஞ்சளானவற்றைப் பிரித்து, முதலில் நகலெடுங்கள், பிறகு குளிர்ச் சேமிப்புக்கு அனுப்புங்கள். டப்பாவின் மேலுள்ள பெயரை நம்பி நகலெடுக்கும் வரிசையைத் தீர்மானிக்கவும் வேண்டாம். "விழா" என்று எழுதியிருந்த டப்பாவில் எங்களுக்கு ஒரு முழு அறுவைச் சிகிச்சைப் பாடம் கிடைத்தது.

அருங்காட்சியக உதவியாளர், விலங்கியல் தொகுப்பு

பேணுநர் பென்சிலைச் சொன்னது என்னைத் தொட்டுவிட்டது. எங்களிடம் பறவைத் தோல்கள் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய சிறு சீட்டு இருக்கும். பிடித்த இடம், நாள், பாலினம், பிடித்தவர். பழைய தோல்களைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த சோப்புப் பூசுவார்கள். ஆகவே நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சீட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான்.

ஒருமுறை ஒரு மாணவர் என்னிடம், இத்தனை முட்டை ஓடுகளை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவருக்கு டெரெக் ராட்கிளிஃப் செய்த வேலையைச் சொன்னேன். பிரிட்டனில் வல்லூறுகள் ஏன் குறைகின்றன என்று தேடியவர் அவர். சேகரிப்புகளிலிருந்த முட்டை ஓடுகளின் எடையை ஒப்பிட்டார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகள் திடீரென மெலிந்திருந்தன. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த காலம் அது. 1967-இல் அவர் அதை வெளியிட்டார். பல ஆண்டுகளுக்கு முன் முட்டை சேகரித்தவர் எவரும் பூச்சிக்கொல்லியைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவர் செய்தது ஒன்றுதான்: நாளை எழுதி வைத்தார். அந்த நாள் இல்லையென்றால் அவை வெறும் ஓடுகள். இதைச் சொல்லி முடித்தபோது அந்த மாணவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வந்து, சீட்டுகளைப் படியெடுக்க உதவலாமா என்று கேட்டார். இரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார்.

ரியோ டி ஜெனீரோ தேசிய அருங்காட்சியகம் அந்நகரின் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. 2018 செப்டம்பர் 2 இரவில் அது எரிந்தது. சுமார் இரண்டு கோடிப் பொருள்கள் இருந்த தொகுப்பில் பெரும்பகுதி போயிற்று. இன்று பேசுவோர் இல்லாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் போயின. பார்வையாளர்கள் தாம் எடுத்த படங்களை அனுப்பும்படி மாணவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த வேண்டுகோளைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு நகலை வேறு கட்டடத்தில் வைக்க அனுமதி கேட்டேன். அனுமதி கிடைக்கும்வரை விடவில்லை.

தொகுப்பு மேலாளர், உடற்கூற்றியல்

நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தொகுப்பில் மனித எச்சங்கள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூகத்தைச் சேர்ந்த மூவர் தங்கள் முன்னோரைத் தேடி வந்தார்கள். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். ஒரு மண்டையோட்டுக்கு எதிரே ஓர் எண், ஒரு நாட்டின் பெயர், "அன்பளிப்பு" என்ற ஒரு சொல். மூவரில் மூத்தவரான பெண்மணி அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்து, "யார் கொடுத்தது? யாரிடம் கேட்டுக் கொடுத்தது?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அதன்பின் பதினான்கு மாதம் கடிதக்கட்டுகளில் தேடினோம். ஒரு கப்பல் மருத்துவரின் கடிதத்தில் இடத்தின் பெயர் கிடைத்தது. கல்லறையைத் தோண்டியதை அவரே எழுதியிருந்தார். நகலை அவர்களிடம் கொடுத்தபோது என் கை நடுங்கியது. எச்சங்கள் திரும்பிப் போய்விட்டன. எடின்பரோ பல்கலைக்கழகம் 2019 நவம்பரில் ஒன்பது மண்டையோடுகளை இலங்கை வேடர் சமூகத் தலைவரிடம் ஒப்படைத்தது. அப்படிப்பட்ட ஒவ்வொரு ஒப்படைப்புக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

காப்பாளரே, உங்கள் பெட்டியின் செவ்வகத் தடத்தைப் பற்றிப் படித்தபோது அந்த "அன்பளிப்பு" என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. சீட்டு இருந்தும் அது உண்மையை மறைக்கலாம். நாம் எழுதும்போது தெரிந்ததை எல்லாம் எழுத வேண்டும், நமக்குச் சங்கடமாக இருப்பதையும் சேர்த்து.

வாசிப்பறை ஊழியர்

இங்கே கையுறை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நச்சு பூசிய தோலுக்கும் புகைப்படங்களுக்கும் கையுறை சரி. பழைய தாளுக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை கேட்டு வருபவர்களிடம் நான் கை கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்கிறேன். துணி மாட்டிய விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது, கிழித்துவிடும். சிலர் இதைக் கேட்டு மனம் வருந்துகிறார்கள், அந்தக் கையுறையில் ஒரு மரியாதை இருக்கிறது என்பதால். அந்த மரியாதையை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆவணக் காப்பாளர்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாக உங்கள் எழுத்துகளைப் படித்துக்கொண்டே தேடினேன். தகடுகளின் மூலையில் ஊசியால் கீறிய எண்கள் இருந்தன. அவை உடலியங்கியல் துறையின் பழைய கொள்முதல் ஏட்டிலுள்ள வரிசையோடு 31-இலிருந்து 73 வரை பொருந்துகின்றன. ஆகவே ஆண்டு 1911 அல்லது 1912. ஆய்வகத்தின் சன்னல் வளைவை வைத்து, பிறகு இடிக்கப்பட்ட வடக்குக் கட்டடம் என்று கண்டுகொண்டேன். ஆண்கள் நால்வரின் பெயர் துறை அறிக்கையில் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. மாணவர் பட்டியலில் தேடினேன், ஊதியப் பட்டியலிலும் தேடினேன். நேற்று புதிய உறைகளைச் செய்து, அமிலமற்ற பெட்டியில் தகடுகளை நிமிர்த்தி அடுக்கினேன். சீட்டைப் பென்சிலால் எழுதினேன். எண், ஆண்டு, எதை வைத்து அந்த ஆண்டைச் சொல்கிறேன், எங்கெல்லாம் தேடினேன், எங்கே இன்னும் தேடவில்லை. இவற்றோடு, "இடது ஓரம்: நுண்ணோக்கியில் வேலை செய்யும் பெண், பெயர் இன்னும் தெரியவில்லை." அதே குறிப்பின் ஒரு படி பெட்டிக்குள்ளும், ஒரு படி பதிவேட்டிலும் இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சியாளர் ஏடுகள் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை அங்கே போகிறேன்.