வார்த்தைக்கு ஒரு சென்ட்: பல்ப் இதழ்களில் சாகசக் கதை எழுதியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

பழுப்புத்தாள்:

ஒரு மாதமாக இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடக்கும் ‘அட்வெஞ்சர்’ என்ற அமெரிக்க பல்ப் இதழைப் (மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சான மலிவுக் கதை இதழ்) படித்துக்கொண்டிருக்கிறேன். 1920-களில் வந்தவை. ஒரு கதை கைபர் கணவாயில் நடக்கிறது, அடுத்தது மங்கோலியப் புல்வெளியில், அதற்கடுத்தது ஏதோ தென்கடல் தீவில். எனக்கு இரண்டு சந்தேகம். இதையெல்லாம் எழுதியவர்கள் அங்கெல்லாம் போனவர்கள்தானா, இல்லை வீட்டில் உட்கார்ந்து அடித்துவிட்டதா? இன்னொன்று, இதை வைத்துக் குடும்பம் நடத்த முடிந்ததா? டால்பட் மண்டி, ஹெரால்ட் லேம்ப் பெயர்கள் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கொடிவீரன்:

போகாமல் எழுதியவர்களில் முதல் ஆள் எட்கர் ரைஸ் பர்ரோஸ். ஆப்பிரிக்காவில் காலே வைத்ததில்லை. 1912-இல் ‘ஆல்-ஸ்டோரி’ இதழில் அவருடைய டார்ஸான் கதை வந்தபோது அதில் ஒரு புலி இருந்தது! ஆப்பிரிக்காவில் ஏதய்யா புலி என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1914-இல் புத்தகமாக வந்தபோது அந்தப் புலி பெண் சிங்கமாகிவிட்டது.

ரிப்பன்காரர்:

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. நான் முப்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவன். மாலையில் மாணவர்கள் போனபிறகு ஜாப் டைப்பிங். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் இந்த எழுத்தாளர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனசு கதையில் நிற்காது, கணக்குக்குப் போய்விடும்.

பர்ரோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் வயது 35. குதிரைப்படை, தங்கச் சுரங்கம் என்று தொட்டது எதுவும் துலங்கவில்லை. பென்சில் சீவும் கருவி விற்கும் ஏஜென்டுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்த நேரத்தில் பழைய லெட்டர்ஹெட் தாள்களின் பின்பக்கத்தில் செவ்வாய்க் கிரகக் கதையை எழுதினார். அதற்கு 400 டாலர் கிடைத்தது. டார்ஸானுக்கு 700. பின்பக்கத்தாளில் எழுதுகிறவனின் நிலைமை எங்களுக்குத் தெரியும். புதுத் தாள் வாங்குவதற்கே யோசிக்கிற வீடு அது.

அன்றைக்குச் சாதாரணமாகப் பேசிய விலை வார்த்தைக்கு அரை சென்ட், ஒரு சென்ட். பேர் எடுத்துவிட்டால் கூடும். ஆனால் ரேட்டை விட முக்கியமானது, காசு எப்போது கைக்கு வரும் என்பது. நல்ல இதழ்கள் கதையை ஏற்றுக்கொண்டதுமே செக் அனுப்பின. மற்றவை அச்சில் வந்தபிறகுதான் தருவோம் என்றன. வந்தபிறகும் தரவில்லை என்றால்? ராபர்ட் ஈ. ஹோவர்டு என்ற சாகசக் கதைக்காரருக்கு அதுதான் நடந்தது.

டெக்ஸாஸில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊர். அப்பா டாக்டர். பையன் 18 வயதில் ‘வியர்டு டேல்ஸ்’ இதழுக்கு முதல் கதையை விற்று 16 டாலர் வாங்கினான். அண்டர்வுட் மெஷினில் அடிக்கும்போது வரிகளை வாய்விட்டுக் கத்திக்கொண்டே அடிப்பாராம், வாள் வீச்சு உட்பட. (எங்கள் இன்ஸ்டிடியூட்டில் வாய்விட்டுப் படித்தால் தலையில் ஒரு குட்டு விழும்.) ஆசியாப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆப்கான் மலை, பாலைவனம் எல்லாம் அந்த ஒரு அறையிலிருந்து வந்தவை.

1935 மே மாதம் ‘வியர்டு டேல்ஸ்’ ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அச்சாகி முடிந்த கதைகளுக்கே 800 டாலருக்கு மேல் பாக்கி. வீட்டில் அம்மாவுக்கு நீண்டநாள் காசநோய், வைத்தியச் செலவு. தாராளமாக வார்த்தைக்கு ஒரு சென்ட் என்றே வைப்போம். 800 டாலர் என்றால் 80,000 வார்த்தை. வரிக்கு வரி இடம் விட்டு அடித்தால் பக்கத்துக்கு 250 வார்த்தை, ஆக 320 பக்கம். டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு பாஸ் செய்தவர் நிமிடத்துக்கு 45 வார்த்தை என்ற வேகத்தில் நிறுத்தாமல் அடித்தாலும் 30 மணி நேரம். அதுவும் பார்த்து அடிக்க. யோசித்து, கிழித்து, திரும்ப அடிப்பதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அடுத்த வருடம் ஜூனில், அம்மா பிழைக்கமாட்டார் என்று தெரிந்த நாளில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. காசுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் போனபோதும் இதழ் அவருக்குப் பாக்கி வைத்திருந்தது.

எனக்கும் ஒரு ஆய்வேட்டுக்காரர் 210 பக்கத்துக்குக் காசு தராமல் போயிருக்கிறார். கார்பன் காப்பி இன்னும் பரணில் கிடக்கிறது.

கொடிவீரன்:

எல்லாம் சரி, ஐயா. ஆனால் வார்த்தைக்குக் காசு என்றால் வளவளவென்று இழுக்கத்தானே தோன்றும்? அந்தக் கதைகளில் பாதி அப்படித்தான் இருக்கிறது. காலம் போனதற்காக எல்லாவற்றையும் கொண்டாட வேண்டுமா?

ரிப்பன்காரர்:

பாதி குப்பைதான், மறுக்கவில்லை. 1920-களின் முதல் பாதியில் ‘அட்வெஞ்சர்’ மாதம் மூன்று முறை வந்தது. அத்தனை பக்கத்தையும் முத்தாகவே நிரப்ப எவனால் முடியும்? ஆனால் அங்கே வாய்க்கு வந்ததை அடித்துவிடுவதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. ஆசிரியர் ஆர்தர் சல்லிவன்ட் ஹாஃப்மன் ‘கேம்ப்-ஃபயர்’ என்று வாசகர் பகுதி வைத்திருந்தார். ‘ஆஸ்க் அட்வெஞ்சர்’ என்று இன்னொன்று. ஸ்டாம்ப் ஒட்டிய கவரோடு கேள்வி அனுப்பினால் அந்தந்த நாடு தெரிந்த ஆள் பதில் போடுவார். மாலுமி, சிப்பாய், காடு சுற்றியவர் எல்லாம் வாசகர்கள். துப்பாக்கியைத் தப்பாக எழுதினால் கடிதம் வந்துவிடும்.

தம்பியின் முதல் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. மண்டி நிஜமாகவே இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தவர். ஆனால் அங்கே யானைத் தந்தம் திருட்டு, ஜெயில்! சொந்தப் பெயர் வில்லியம் லான்காஸ்டர் கிரிப்பன். 1909-இல் நியூயார்க்குக்கு வந்த சூட்டிலேயே வழிப்பறிக்காரர்கள் மண்டையை உடைத்தார்கள். 1911-இல் ‘அட்வெஞ்சரில்’ எழுத ஆரம்பித்தார். ஊர் சுற்றியதை மறைக்கவில்லை, உள்ளே கிடந்ததைத்தான் மறைத்தார். 1925-இல் ஜூலியஸ் சீசரை அயோக்கியனாக வைத்து ஒரு தொடர் எழுதினார். சீசர் அபிமானிகள் கேம்ப்-ஃபயரில் நீண்டநாள் சண்டை போட்டார்கள். லேம்ப் அதற்கு நேர்மாறு. நூலகத்தில் கிடந்து ஆசியாவைக் கற்றவர். ஆனால் அவர் எழுதிய புல்வெளியில் குதிரை வேர்க்கிற வாடை அடிக்கும்.

பழுப்புத்தாள்:

ஐயா, நன்றி. 30 மணி நேரக் கணக்கைப் படித்துவிட்டு நேற்று நானும் கீபோர்டில் நேரம் வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 22 வார்த்தை. ஹோவர்டில் ஆரம்பிக்கவா, லேம்பிலா?

ரிப்பன்காரர்:

லேம்ப். 1917-லிருந்து வந்த க்ளிட் என்ற கிழட்டுக் கொசாக்கின் (ரஷ்ய, உக்ரைன் புல்வெளிக் குதிரைவீரர்) கதைகள். ஹோவர்டே சின்ன வயதில் ‘அட்வெஞ்சர்’ படித்து வளர்ந்தவர்தான். அப்புறம், 22 போதாது. லோயருக்கே 30 வேண்டும்.