முகப்புக் கண்ணாடியை ஒட்டச் சிலிகோனுக்குப் பதிலாக எபாக்சி பயன்படுத்தலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். கட்டடப் பொறியியல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஒரு முகப்பை வடிவமைத்து வருகிறேன். 1.2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிகளை, வெளியே திருகோ பட்டையோ தெரியாதபடி, அலுமினியச் சட்டத்தில் ஒட்டிப் பொருத்த வேண்டும். காற்று வீசும்போது கண்ணாடியின் மேல் விழும் அழுத்தத்தை 2 கிலோபாஸ்கல் என்று கொண்டுள்ளேன். கட்டமைப்புச் சிலிகோனுக்கு (சுமை தாங்குவதற்கென்றே செய்யப்படும், ரப்பர் போன்ற பசை) அனுமதிக்கப்படும் இழுவிசைத் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் இழுவிசை, 0.14 மெகாபாஸ்கல் மட்டுமே. இறுகியதும் விறைப்பாகிவிடும் பிசின் பசையான எபாக்சி நல்லதாக இருந்தால் இதைவிடப் பல மடங்கு வலுவானது. அப்படியிருந்தும் முகப்பு வேலையில் சிலிகோனையே எல்லோரும் நாடுவது ஏன்?

பதில் 1:
நண்பரே, முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியின் குறுகிய பக்கத்தில் பாதியைக் காற்றழுத்தத்தால் பெருக்கினால், ஓரத்தின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.2 கிலோநியூட்டன் விசை வருகிறது. அதை 0.14 மெகாபாஸ்கலால் வகுத்தால் பசைப் பட்டையின் அகலம் சுமார் 8.6 மி.மீ. போதும். ஆக, உங்கள் முகப்புக்கு வலிமை ஒரு தடையே அல்ல. மேலும் 0.14 என்பது பசை அறுந்துபோகும் அளவு அல்ல. அமெரிக்கத் தரவிதி கட்டமைப்புச் சிலிகோனிடம் குறைந்தது 0.345 மெகாபாஸ்கல் வலிமையைக் கேட்கிறது. வெப்பம், நீர், வெயில் ஆகியவற்றுக்கு ஆட்பட்ட பிறகும் அது குறையக்கூடாது.

உண்மையான சிக்கல் விரிவில் இருக்கிறது. ஒரு டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கு அலுமினியம் மீட்டருக்கு ஏறத்தாழ 0.023 மி.மீ. நீள்கிறது; கண்ணாடி 0.009 மி.மீ. மட்டுமே நீள்கிறது. உங்கள் 2.4 மீட்டர் உயரத்தில் 40 டிகிரி மாற்றம் வந்தால் இரண்டுக்கும் இடையே 1.3 மி.மீ. வேறுபாடு உண்டாகும். 6 மி.மீ. தடிமனுள்ள சிலிகோன் இதை நெளிந்து கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். கால் மில்லிமீட்டர் தடிமனில் இட்ட எபாக்சிக்கு அது தன் தடிமனைப்போல் ஐந்து மடங்கு நகர்வு. எபாக்சி பிடிவாதமாக நின்றால், அந்த விசை முழுவதும் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். கண்ணாடி மிகவும் பலவீனமாக இருக்கும் இடமும் அதுதான். போதாக்குறைக்கு, புற ஊதாக் கதிர் கண்ணாடியை ஊடுருவிப் பசை ஒட்டியிருக்கும் பரப்பையே தாக்குகிறது. சிலிகோனின் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு அதற்கு அசைவதில்லை. வழக்கமான எபாக்சிகள் நாளடைவில் நலிந்துவிடுகின்றன. நான்கு பக்கமும் சிலிகோனால் மட்டுமே பிடிக்கப்பட்ட முகப்பு டெட்ராய்ட் நகரில் 1971இலேயே வந்துவிட்டது.

பதில் 2:
மேலே சொன்னவை சரியே. ஆயினும் விறைப்பான பசைக்குக் கண்ணாடிக் கட்டுமானத்தில் இடமே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் 2016இல் முடிந்த கிரிஸ்டல் ஹவுஸஸ் முகப்பு, இத்தாலியில் வார்த்த திடக் கண்ணாடிச் செங்கற்களைப் புற ஊதா ஒளியில் இறுகும் பசையால் ஒட்டி எழுப்பப்பட்டது. இரு பக்கமும் கண்ணாடியே என்பதால் விரிவு வேறுபாடு அங்கே பெரிதாக எழவில்லை. ஆனால் அந்தப் பசை 0.2 முதல் 0.3 மி.மீ. படலமாக இருந்தால்தான் முழு வலிமையைத் தரும் என்பதால், ஒவ்வொரு கல்லின் மேல், கீழ்ப் பரப்புகளையும் கால் மில்லிமீட்டர் துல்லியத்துக்குத் தேய்த்து மெருகிட வேண்டியிருந்தது. செங்குத்து இணைப்புகளில் பசையே இடவில்லை. விரிவதற்கு அந்த இடைவெளி தேவை. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உடன் நின்று ஆய்ந்த பணி அது. எந்த இரு பொருள்களை இணைக்கிறோம் என்பதைப் பார்த்த பிறகே பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கண்ணாடியின் சொந்த எடையையும் சிலிகோனே சுமக்கலாமா?

பதில் 3:
கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காற்று வந்து போகும். எடையோ இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். நிலையான சுமைக்கு அனுமதிக்கப்படும் தகைவு, காற்றுக்கான அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வரும். ஆகவே அடியில் தாங்கு கட்டைகள் வைத்து எடையை அவற்றின் மேல் இறக்குங்கள்.

உங்கள் அறிக்கையில் ஒட்டும் முறைக்கும் இடம் கொடுங்கள். இந்த வேலையில் தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அது தானாக ஆவியாகும் முன் உலர்ந்த இன்னொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் திரும்பவும் அதே பரப்பில் படிந்துவிடும். இரண்டு கூறுகளைக் கலந்து பயன்படுத்தும் இருகூறு சிலிகோனாக இருந்தால், கலந்த பசையைத் தாளில் சிறிது பிழிந்து, மடித்து அழுத்தி விரித்துப் பாருங்கள். வெண்கோடுகள் தெரிந்தால் கலவை சரியில்லை. இறுகிய பிறகு கையால் பிடித்து இழுக்கும்போது, பசை தனக்குள்ளேயே கிழிய வேண்டும். பரப்பிலிருந்து முழுதாக உரிந்து வந்தால் ஒட்டுதல் தோற்றுவிட்டது என்று பொருள். காடி வாடை வீசும் சாதாரணச் சிலிகோனை இதற்குத் தொடவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் அமிலம் உலோகத்தையும் லேமினேட் கண்ணாடியின் (நடுவே நெகிழித் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி) ஓரத்தையும் கெடுக்கும். இரட்டைக் கண்ணாடி வைப்பதாக இருந்தால், அவ்விரண்டையும் இணைக்கும் வெளி அடைப்பும் கட்டமைப்புச் சிலிகோனாகவே இருக்கட்டும். அங்கே பாலிசல்ஃபைடு என்னும் வேறுவகை அடைப்புப் பசையை இட்டு, அது வெயிலில் பிடி விட்டால், வெளிக் கண்ணாடி மட்டும் தனியே கழன்று விழும்.